கணக்கில் வராத செல்வாக்கு

மும்பை மாநகராட்சியின் 227 வட்டங்களில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டவை. சட்டப்படி அந்த வட்டங்களின் பிரதிநிதி ஒரு பெண். பாண்டுப்பிலோ தாராவியிலோ செம்பூரிலோ ஒரு சந்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் சனங்கள் போய் நிற்பது பல வட்டங்களில் அந்தப் பெண்ணின் கணவர் முன்னால். அவர்தான் கைப்பேசியை எடுக்கிறார், அவர்தான் பொறியாளரை அழைக்கிறார், வாழ்த்துப் பதாகையில் அவர் படம்தான் பெரியது. இதைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் கிடைக்கும்: அரசியலில் கணவன் மனைவி செல்வாக்கு என்ன புதிதா, இங்கிலாந்தையே ஒரு காலத்தில் பிரபுக்களின் மனைவிமார்தானே விருந்து மேசையிலிருந்து நடத்தினார்கள், அன்று கணவன் பெயரில் மனைவி, இன்று மனைவி பெயரில் கணவன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒப்பீடு சரியானது என்றே நினைக்கிறேன். அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. இரண்டும் ஒரே நோயின் இரண்டு வடிவங்கள். பதவியில் இல்லாதவர் முடிவெடுக்கிறார். பதவியில் இருப்பவர் அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பதில்லை. பாதிக்கப்பட்டவருக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

இங்கிலாந்தின் கதையிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அது பெரும்பாலும் அழகுபடுத்திச் சொல்லப்படுகிறது. 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதித் தேர்தல் நாற்பது நாள் நடந்தது. சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காக டெவன்ஷயர் டச்சஸ் ஜார்ஜியானா கடை கடையாகப் போய் வாக்குக் கேட்டார். ஒரு கசாப்புக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று வதந்தி பரவியது. கேலிச்சித்திரக்காரர்கள் வாரக்கணக்கில் அதையே வரைந்தார்கள். எதிர்த்தரப்பிலும் சால்ஸ்பரி சீமாட்டி போன்றவர்கள் இதே வேலையைச் செய்தார்கள். எண்ணி முடித்தபோது எதிர்த்தரப்பின் ஹூட் 6,694, ஃபாக்ஸ் 6,234, எதிர்த்தரப்பின் இன்னொருவரான ரே 5,998. 236 வாக்கு வித்தியாசத்தில் ஃபாக்ஸ் இரண்டாம் இடத்தைப் பிடித்தார். அந்தத் தொகுதிக்கு இரண்டு இடங்கள். இத்தனை சிறிய இடைவெளியில் ஒரு பெண்ணின் உழைப்புக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 6,234 வாக்குகளில் ஒன்றுகூட ஜார்ஜியானாவுடையது ஆகியிருக்க முடியாது. அவர் பெற்றுத் தந்த இடத்தில் ஃபாக்ஸ் பின்னர் எப்படி வாக்களித்தார் என்று ஜார்ஜியானாவிடம் யாரும் கேட்கவும் முடியாது. அவருக்கு மிஞ்சியது கேலிச்சித்திரம்.

அது ஒருவரின் விசித்திரம் என்று எண்ண வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் மேட்டுக்குடிப் பெண்களைப் பற்றி எலைன் சாலஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் கடிதக் கட்டுகளைப் புரட்டிக் காட்டியிருக்கிறார்கள்: யாருக்கு எந்த உத்தியோகம், எந்தத் தேவாலயப் பொறுப்பு, எந்த ஓய்வூதியம் என்று பெண்கள் அமைச்சர்களுக்கு எழுதிக் கேட்பது அன்றாட வழக்கம். பின்னர் பாமர்ஸ்டன் சீமாட்டி சனிக்கிழமை மாலை விருந்துகளுக்கான அழைப்புச் சீட்டுகளைத் தன் கையாலேயே எழுதினார். பின்வரிசை உறுப்பினர் ஒருவர் முரண்டு பிடித்தால் அவர் மனைவிக்கும் அழைப்பு போகும். கட்சியைக் கட்டிக்காப்பதில் அந்தச் சீட்டுகளுக்கு ஒரு கொறடாவின் வேலை இருந்தது. இதன் உச்சம் 1839 மே மாதம். மெல்போர்ன் பிரபு பதவி விலகினார். ராபர்ட் பீல் அமைச்சரவை அமைக்க வந்தார். விக்டோரியா ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்கள் பெரும்பாலும் பீலின் எதிர்க்கட்சியான விக் பிரபுக்களின் மனைவிமார், சகோதரிகள். அவர்களில் சிலரையாவது மாற்ற வேண்டும் என்றார் பீல். ராணி மறுத்தார். பீல் அமைச்சரவை அமைக்காமலே திரும்பிப் போனார். மெல்போர்ன் 1841 வரை நீடித்தார். ஒரு பேரரசின் ஆட்சி மாற்றம் படுக்கையறை வாசலில் தடைபட்டது. அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்கவில்லை, எந்த நாடாளுமன்றமும் விசாரிக்கவில்லை.

இதைப் பெண்களின் பொற்காலமாகக் காட்டுபவர்கள் ஒரு தேதியை மறந்துவிடுகிறார்கள். 1832இல் வந்த சீர்திருத்தச் சட்டம்தான் வாக்குரிமையை ஆணுக்கு மட்டும் என்று முதன்முறையாக எழுத்திலேயே வரையறுத்தது. பெண்கள் திரைக்குப் பின்னால் செல்வாக்கோடு இருந்த அதே தலைமுறையில், அவர்களுடைய விருந்தறைகளில் சாப்பிட்டவர்களே, அவர்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். பின்வாசல் திறந்தே இருக்கும்போது முன்வாசலைச் சாத்துவது எளிது. இதைவிட வருத்தம் தருவது அடுத்த கட்டம். 1883இல் ஊழல் தடுப்புத் தேர்தல் சட்டம் கூலிக்கு வாக்குச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்தியதும், கட்சிகளுக்குக் கூலியில்லாத ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு தொடங்கிய பிரிம்ரோஸ் லீக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காகப் பெண்களைத் திரட்டியது. பிரபுக்களின் மனைவிமார் தலைமை தாங்கினார்கள். 1908இல் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றே ஒரு பெண்கள் சங்கம் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அந்த லீக்கிலேயே பெரும்புள்ளியாக இருந்த ஜெர்சி சீமாட்டி. இரண்டு ஆண்டில் அது ஆண்களின் சங்கத்தோடு இணைந்தது. பின்னர் அதன் தலைவரானவர் நம் பழைய வைஸ்ராய் கர்சன். தனக்குச் செல்வாக்கு இருக்கிறவருக்கு மற்றவர்களின் உரிமை அவசரமாகத் தெரியவில்லை. திரைமறைவுச் செல்வாக்கு சிலருக்கு மட்டுமே வாய்க்கும். அது எல்லாருக்குமான உரிமையாக வளர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு நேர்மையான எதிர்ப்பு எழும். அந்தச் செல்வாக்கால் நல்லது நடக்கவில்லையா? மாஹிமிலிருந்து தாதர் பக்கம் எல்.ஜே. ரோட்டில் போகும் தமிழர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு எழுத்து யாருடையது என்று தெரியும்? லேடி ஜாம்செட்ஜி, அதாவது சர் ஜாம்செட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய். மாஹிம் கழிமுகத்தைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. படகுகள் கவிழ்ந்தன, உயிர்கள் போயின. கம்பெனி அரசு பணம் ஒதுக்க முன்வரவில்லை. அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தார். 1840களின் நடுவில் மாஹிம் காஸ்வே எழுந்தது. இதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது, அவருடைய பங்கு எழுத்தில் இருந்தது என்பதுதான். எவ்வளவு பணம், யார் கொடுத்தது, என்ன நிபந்தனை என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். கொடை வெளிச்சத்தில் நடந்தது. அப்படியும், நகரத்துக்குச் சாலை கொடுத்த அந்தப் பெண் நகரத்தின் நிர்வாகத்தில் ஓர் ஆசனம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

டஃபரின் நிதி இன்னும் சிக்கலான எடுத்துக்காட்டு, கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி 1885இல் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொடுக்க ஒரு தேசியச் சங்கம் நிறுவினார். ஆண் மருத்துவரிடம் போக முடியாத பெண்கள் பிரசவத்தில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. தேவை உண்மையானது, பலனும் உண்மையானது. ஆனால் அமைப்பைப் பாருங்கள். அரசு நிறுவனம் அல்ல, ஆகவே அரசின் வரவுசெலவில் கேள்வி கேட்க முடியாது. தனியார் அறக்கட்டளை என்றும் சொல்ல முடியாது. வைஸ்ராயின் மனைவி நன்கொடை கேட்கும்போது சமஸ்தான மன்னரோ ஜமீன்தாரோ மறுப்பது எளிதல்ல. 1888இல் டஃபரின் ஊர் திரும்பியதும் நிதியின் தலைமை அடுத்த வைஸ்ராயின் மனைவி லான்ஸ்டவுன் சீமாட்டிக்குப் போனது. தகுதி எதுவென்றால், கணவனுடைய பதவி. கடைசியில் இதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த மருத்துவமனைகளில் வேலை பார்த்த பெண் மருத்துவர்கள். ஆண் சிவில் சர்ஜன்களின் கீழ் வேலை, குறைந்த சம்பளம், நிச்சயமற்ற பதவி என்று அவர்கள் பல ஆண்டு முறையிட்டார்கள். முறையான பெண் மருத்துவப் பணி ஒன்று உருவாக 1914 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் பம்பாய் வேறு வழியில் போனது. ஜார்ஜ் கிட்ரெட்ஜ் என்ற அமெரிக்க வணிகரும் சோராப்ஜி பெங்காலியும் ஊரில் நிதி திரட்டி, எடித் பீச்சி என்ற மருத்துவரை 1883இல் வரவழைத்தார்கள். பெஸ்தன்ஜி ஹோர்முஸ்ஜி காமாவின் கொடையால் காமா மருத்துவமனை 1886இல் திறந்தது. பெண் மருத்துவர்களின் பொறுப்பிலேயே அது இயங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பீச்சி யாருடைய மனைவி என்ற தகுதியில் வரவில்லை. அவருக்குப் பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, செய்த சிகிச்சைக்குப் பதில் சொல்லும் கடமை இருந்தது. அதனால்தான் ஆண் மருத்துவருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கவும் முடிந்தது. விருந்து மேசையில் ஒரு சலுகையாகக் கேட்க முடியாத ஒன்று அது. பதவியில் அமர்ந்தவர்தான் அதை உரிமையாகக் கேட்க முடியும்.

இந்தியப் பெண்கள் இந்த வித்தியாசத்தை விரைவில் புரிந்துகொண்டார்கள். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது; அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு சென்னையில் பிரிட்டனின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் முதலில் சென்னை மாகாணமும் பின்னர் பம்பாயும் அதைக் கொடுத்தன. ஆனால் சொத்து இருந்தால்தான் வாக்கு. பெண்கள் பெயரில் சொத்து எங்கே இருந்தது? 1935 இந்திய அரசுச் சட்டம் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, சொத்துள்ளவனின் மனைவி என்பதையே ஒரு தகுதியாக்குவது. மாதர் அமைப்புகள் இதை எதிர்த்தன. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்பதே அவர்கள் கோரிக்கை. வாக்காளர் எண்ணிக்கையை உயர்த்தும் ஒரு சலுகையை அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று அன்று பலருக்கு விளங்கவில்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தல் அதை விளக்கியது. சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலுக்குத் தங்கள் பெயரைக் கொடுக்கவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவானார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்தப் பதிவுகளை நீக்கிவிட்டார். கடுமையான முடிவுதான், ஆனாலும் சரியான முடிவு. அடுத்த தேர்தலில் பெண்கள் தங்கள் பெயரோடு வந்தார்கள்.

மனைவி என்ற வழியில் வந்தாலும் பதவியில் அமர்ந்தபின் என்ன மாறுகிறது என்பதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான, கசப்பான சான்று ஒன்று உண்டு. சிறிமாவோ பண்டாரநாயக்க கணவர் கொல்லப்பட்டபின் 1960இல் இலங்கைப் பிரதமரானார். உலகின் முதல் பெண் பிரதமர். 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியோடு அவர் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த குடும்பங்களைப் பிரித்த அந்த அநீதியைப் பற்றிப் பேசும்போது நம்மால் பெயர் சொல்ல முடிகிறது, தேதி சொல்ல முடிகிறது, கையெழுத்தைக் காட்ட முடிகிறது. 1977இல் அவருடைய கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. அவர் ஒரு பிரதமரின் மனைவியாக மட்டும் இருந்து இதே முடிவைக் கணவர் காதில் ஓதியிருந்தால், மலையக மக்கள் யாரைக் குற்றம் சாட்டியிருப்பார்கள்? பெண் பதவிக்கு வந்தால் ஆட்சி தானாக நல்லதாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. நல்லதோ கெட்டதோ, அது யாருடையது என்று தெரியும் என்பதே என் வாதம். தமிழ்நாட்டில் கணவர் எம்.ஜி.ஆர். மறைந்தபின் ஜானகி ராமச்சந்திரன் 1988 ஜனவரியில் 24 நாள் முதலமைச்சராக இருந்தார். அடுத்த ஆண்டு ஆண்டிபட்டியில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். செல்வாக்காக மட்டும் இருந்திருந்தால் அந்தத் தேர்வே நடந்திருக்காது.

இப்போது மும்பைக்குத் திரும்பலாம். மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தொண்ணூறுகளிலேயே வந்தது, 2011இல் பாதியானது. இவ்வளவு செய்தும் கணவர்கள்தான் ஆள்கிறார்கள், ஆகவே இடஒதுக்கீடே வீண் என்கிறார்கள் சிலர். சான்று அப்படிச் சொல்லவில்லை. ரிகில் பவ்னானி மும்பை மாநகராட்சி வட்டங்களையே எடுத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். 1997இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு 2002இல் பொதுவான வட்டங்களில், பெண் ஒருவர் வெல்லும் வாய்ப்பு மற்ற வட்டங்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு இருந்தது. ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் நின்றார்கள், வென்றார்கள். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டஃப்லோவும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் தலைமை தாங்கிய ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டதாகத் தெரிந்தது. அந்தத் தலைவிகளில் பலருக்குக் கணவர்களின் உதவி இருந்தது. இருந்தும் செலவின் திசை மாறியது. பாண்டுப்புக்கு இது வெறும் ஆய்வுத் தகவல் இல்லை. மும்பை குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் தெளிகிறது. அதே பாண்டுப்பின் மலைச்சரிவுக் குடியிருப்புகளில் பெண்கள் குடத்தோடு குழாயடியில் காத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்பவருக்கு எது அவசரம் என்று தெரிந்த ஒருவர் வட்டக் குழுக் கூட்டத்தில் தன் வாயால் பேசுவதற்கும், அவர் சார்பில் வேறொருவர் ஒப்பந்தக்காரரிடம் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கணவன் மனைவிக்கு உதவுவதில் என்ன குற்றம் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். உதவுவதில் குற்றமே இல்லை. வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது, கோப்பைப் படித்துக் காட்டுவது, கூட்டத்துக்கு அழைத்துப் போவது எல்லாம் குடும்ப தர்மம். ஆண் உறுப்பினர்களின் மனைவிமார் காலகாலமாக இதைச் செய்துவருகிறார்கள். ஆனால் அதிகாரியோடு பேரம் பேசுவதும், கூட்டத்தில் முடிவு சொல்வதும் கையெழுத்திடப் போகிறவரின் வேலை. அது கைமாறினால் தவறு நடந்தபின் இருவருமே தப்பித்துக்கொள்கிறார்கள். மனைவி எனக்குத் தெரியாது என்கிறார், கணவர் நான் உறுப்பினரே இல்லை என்கிறார். பெண் தன் பதவியைத் தானே நடத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு பெண் சர்பஞ்சை (ஊராட்சித் தலைவரை) சிறு காரணம் காட்டித் தகுதிநீக்கம் செய்தார்கள். 2024இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் அமர்த்தி, ஒரு பெண் தங்களுக்குத் தலைவரானதைக் கிராமத்தார் சிலரால் ஏற்க முடியவில்லை என்று கடிந்துகொண்டது. கணவரை முன்னால் விட்டிருந்தால் அவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்குமா என்பது சந்தேகமே. பொம்மையாக இருப்பதற்குப் பாதுகாப்பும், தானாக இயங்குவதற்குத் தண்டனையும் கிடைக்கும் ஓர் ஏற்பாட்டில் பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஏற்பாட்டில்தான் ஓட்டை. மும்பையில் எந்த வட்டம் பெண்களுக்கு என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரு வட்டம் பெண்களுக்கு வந்தால் அங்கே ஏற்கெனவே இருந்த ஆண் உறுப்பினர் மனைவியை நிறுத்துகிறார். அடுத்த முறை பொதுவானால் தானே திரும்பி வருகிறார். ஐந்து ஆண்டு கற்றுக்கொண்ட பெண், தன் பெயரில் இரண்டாம் முறை வாக்குக் கேட்கும் வாய்ப்பு வருவதற்குள் வீட்டுக்குப் போகிறார். தொடர்ந்து இருப்பவர் கணவர், வந்து போகிறவர் மனைவி என்றால் ஊர் யாரிடம் போகும்? மேற்கு வங்க ஊராட்சிகளில் லோரி பீமனும் உடன் ஆய்வாளர்களும் கண்டதும் இதுதான்: ஒருமுறை ஒதுக்கீடு போதவில்லை, இரண்டு முறை தொடர்ந்து ஒதுக்கிய இடங்களில்தான் பெண்கள் பின்னர் பொது இடங்களிலும் தெளிவாக வெல்லத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் சுழற்சி பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்று இருப்பதற்கு இந்த நியாயம் உண்டு. மகாராஷ்டிரம் அதையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தத்தின்படி சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பெண்களுக்கு இடம் ஒதுக்கும்போதும் இதே கேள்வி வரும். அதற்குள் மாநகராட்சி அளவில் வழியைச் செப்பனிட்டுவிடுவது நல்லது. வட்டக் குழுக் கூட்டத்தில் யார் வந்தார், யார் என்ன பேசினார் என்ற குறிப்பை மராத்தியிலும் அந்த வட்டத்தார் படிக்கும் மொழியிலும் வெளியிட வேண்டும். உறுப்பினர் அல்லாதவர் சொல்லும் உத்தரவை ஏற்கும் வார்டு அதிகாரியிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை, புதிய அரசியல் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அடுத்த குலுக்கலுக்கு முன்னால் பாண்டுப்பிலும் தாராவியிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இந்த இரண்டையும் எழுதிக் கேட்கலாம். மனுவை உறுப்பினரின் கணவரிடம் கொடுக்காமல், உறுப்பினரிடமே கொடுத்துக் கையொப்பம் வாங்கலாம்.